சிறைக்குப் போனவரெல்லாம் சுதந்திரவாதியா?

போன வாரம் கேன்டீனில் ஒரு வாக்குவாதம். "ஜெயிலுக்குப் போனவனுக்குத்தான்டா சுதந்திரத்தோட அருமை தெரியும். அவன் கையில ஆட்சியைக் கொடுத்தா தப்பே நடக்காது" என்று அடித்துப் பேசினான் நண்பன். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை (எப்போதுமே வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும்!). இதோ, இப்போது வந்துவிட்டது. அந்தப் பதிலின் பெயர் ஃபிரான்யோ துஜ்மன்.

குரோஷியாக்காரர். இரண்டாம் உலகப் போரில் டிட்டோவின் படையில் சேர்ந்து பாசிஸ்டுகளோடு சண்டை போட்டவர். நாற்பது வயதுக்கு முன்பே யூகோஸ்லாவிய ராணுவத்தில் ஜெனரல். பிறகு சீருடையைக் கழற்றிவிட்டு வரலாற்று ஆய்வுக்கு வந்தார். அரசாங்கம் சொன்ன வரலாறும் இவர் எழுதிய வரலாறும் ஒத்துப்போகவில்லை. 1967-ல் கட்சியிலிருந்து நீக்கினார்கள். 1972-ல் சிறை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களிடம் பேசிய குற்றத்துக்காக 1981-ல் மூன்றாண்டு தண்டனை. வெறும் பேச்சுக்கு! இந்த மனிதரை எப்படி மதிக்காமல் இருப்பது?

1989-ல் குரோஷிய ஜனநாயக ஒன்றியம் என்ற கட்சியைத் தொடங்கினார். 1990 தேர்தலில் அது ஜெயித்தது, இவர் ஜனாதிபதியானார். 1991-ல் சுதந்திரப் பிரகடனம், கூடவே போர்.

சரி, இனிதான் கதையே.

1995 அக்டோபரில் தலைநகர் ஸாக்ரெப் நகராட்சித் தேர்தலில் எதிர்க்கட்சிகள் ஜெயித்தன. மேயரை ஜனாதிபதி அங்கீகரிக்க வேண்டும். எதிர்க்கட்சிகள் ஒருவர் பின் ஒருவராக நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தன. நான்கு பேரையும் துஜ்மன் நிராகரித்தார். அதில் ஒருவர் திராஜென் புதிஷா. 1971-ல் மாணவர் தலைவராக இருந்தவர். துஜ்மனைச் சிறைக்கு அனுப்பிய அதே அடக்குமுறையில் நான்காண்டு தண்டனை பெற்றவர். சிறைக்குப் போனவரையே சிறைக்குப் போனவர் மறித்தார்!

1996-ல் இன்னொன்று. ஜனாதிபதி முதலான உயர் பதவியினரை அவமதித்தால் வழக்கு என்று சட்டத்தைத் திருத்தினார்கள். மாட்டியது யார்? 'ஃபெரல் டிரிபியூன்' என்ற நையாண்டி வார இதழ். யாசெனோவாட்ஸ், போர்க்காலத்தில் பாசிஸ்டுகள் செர்பியர்களையும் யூதர்களையும் ரோமாக்களையும் கொன்று குவித்த முகாம். கொல்லப்பட்டவர்களின் அருகிலேயே கொன்ற தரப்பினரின் எலும்புகளையும் புதைக்கலாம் என்ற துஜ்மனின் யோசனையை அந்த இதழ் கிழித்தது. ஆசிரியரும் கட்டுரையாளரும் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். அந்த செப்டம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பேசியதற்காக உள்ளே போனவரின் ஆட்சியில், எழுதியதற்காக வழக்கு! அதே ஆண்டு நவம்பரில் 'ரேடியோ 101' நிலையத்தின் உரிமத்தைப் பறிக்கப் பார்த்தபோது ஸாக்ரெப் சதுக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டார்கள்.

"போர்க்காலம்டா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். நாட்டின் கால்வாசிக்கு மேல் கைவிட்டுப் போயிருந்தது உண்மைதான். அவர் இல்லாமல் குரோஷியா என்ற நாடு கிடைத்திருக்குமா என்று கேட்பவர்களின் நியாயமும் புரிகிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். பறிபோன நிலத்தில் பெரும்பகுதியை மீட்டது 1995 ஆகஸ்டில். மேயர்கள், அவமதிப்புச் சட்டம், ரேடியோ எல்லாமே அதற்குப் பிறகு. போர் ஒரு சாக்கு.

நாங்கள் படிக்கும் கணக்குப்பதிவியலில் ஒரு விதி உண்டு. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரை ஏட்டில் சொத்தாகக் காட்டலாம். நாமே உருவாக்கிக்கொண்ட நற்பெயரைக் காட்டக்கூடாது. காரணம், அதற்கு எவ்வளவு மதிப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்! தலைவர்களின் தியாகமும் அப்படித்தான். சிறையில் கழித்த நாட்களை வாழ்நாள் முழுக்க ஏட்டில் சொத்தாகவே காட்டுகிறார்கள். தணிக்கை செய்யத்தான் நாம் பயப்படுகிறோம்.

துஜ்மன் 1999 டிசம்பரில் இறந்தார். அடுத்த மாதமே அவர் கட்சி தேர்தலில் தோற்றது. தணிக்கையை மக்கள் செய்துவிட்டார்கள். (ஸாக்ரெப் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர்தான், அது வேறு விஷயம்.)

ஆகவே நண்பா, ஒருவர் சிறைக்குப் போனாரா என்று மட்டும் கேட்காதே. அவர் சிறையை எதிர்த்தாரா, இல்லை, தான் அதற்குள் இருந்ததை மட்டும் எதிர்த்தாரா என்று கேள். பதில் தெரிந்தபின் ஓட்டுப் போடு. கேன்டீன் டீ என் செலவு.