புகைபோக்கியும் போகிப் பண்டிகையும்

போகிக்கு முதல் நாள் பரணைக் காலி பண்ணுவது எங்கள் வீட்டில் வருடாந்திர வைபவம். மனைவி கீழே நின்று உத்தரவு போடுவாள். நான் ஸ்டூல் மேல் நின்று தும்முவேன்.

இந்த வருடம் அகப்பட்டது ஒரு பெட்டி நிறைய டி.வி.டி.! பிளேயர் உயிரை விட்டுப் பல வருஷமாகிறது. 'டாக்குமெண்டரி பார்த்தால் இண்டர்வியூவில் உதவும்' என்று காலேஜில் யாரோ சொன்னதை நம்பி வாங்கியவை. இண்டர்வியூவில் கேட்டது, டேலி சாஃப்ட்வேர் தெரியுமா என்று மட்டும்தான்.

"கொளுத்திடலாமாங்க?"

"இரு, இரு" என்று ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். பாதிப் படங்களை நான் முழுசாகப் பார்த்ததில்லை. அட்டைப் படங்கள் மட்டும் அப்படியே ஞாபகமிருந்தன.

முதலில் 2006-ல் வந்த 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்'. அமெரிக்க முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர், பூமி சூடாவதைப் பற்றி மேடையில் பேசும் படம். டேவிஸ் குக்கன்ஹைம் இயக்கியது. 2007-ல் ஆஸ்கர் வாங்கியது. அட்டையில் தொழிற்சாலைப் புகைபோக்கி. கிளம்பும் புகை மேலே போய்ச் சுழன்று, சாட்டிலைட் போட்டோவில் தெரியுமே, அந்த மாதிரிப் புயலாகியிருக்கும். அவ்வளவுதான்.

என் பி.காம். மூளைக்குப் பளிச்சென்று புரிந்தது. டபுள் எண்ட்ரி! ஃபாக்டரி தன் லெட்ஜரில் எழுதாமல் விட்ட செலவு யார் தலையில் விடிகிறது என்று, பற்றையும் வரவையும் ஒரே படத்தில் எழுதிவிட்டார்கள்.

ஆடிட் அப்ஜெக்ஷன் உண்டு. புகை நேராகப் போய்ப் புயலாவதில்லை. நிஜ வில்லன் கார்பன் டை ஆக்ஸைடு. அதற்கு நிறமே கிடையாது. அது வெப்பத்தைப் பிடித்து வைக்க, கடல் சூடாக, அந்தச் சூட்டில் புயல் கொழுக்கிறது. நாலு வவுச்சரைச் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டிருக்கிறார்கள். படத்துக்குள் இதையே அல் கோர் கிராஃபாகக் காட்டுவார். கோடு எகிறும் உயரத்துக்கு, தூக்கு மேடை போன்ற லிஃப்ட்டில் ஏறிக் காட்டுவார். அட்டையில் அந்த கிராஃபைப் போட்டிருந்தால் நான் வாங்கியிருப்பேனா? பாலன்ஸ் ஷீட்டை ஆசைப்பட்டு வாங்குகிறவர் யார், சொல்லுங்கள்!

அடுத்து, 2008-ன் 'ஃபுட் இன்க்.' பச்சைப் புல்வெளியில் ஒரு மாடு. அதன் விலாவில் பார்கோடு. அது இனி மாடல்ல, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிட்ட சரக்கு. 2010-ன் 'காஸ்லேண்ட்' அட்டையில் எரிவாயு தோண்டும் இடத்தில் நின்று பான்ஜோ வாசிக்கிறார் ஒருவர், முகத்தில் விஷவாயு முகமூடியோடு. அவர்தான் டைரக்டர் ஜோஷ் ஃபாக்ஸ். செய்த வினை பின்னால், அனுபவிக்கிற ஆள் முன்னால்.

உருகும் ஐஸ் மேல் தனியாக நிற்கும் பனிக்கரடி அட்டைகளும் நிறைய உண்டு. பார்த்ததும் 'ஐயோ பாவம்' என்றிருக்கும். ஆனால் அது சிங்கிள் எண்ட்ரி. நஷ்டம் இருக்கிறது, யாரால் என்று இல்லை. 'உச்' கொட்டிவிட்டு ஏ.சி.யை 18-ல் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். நல்ல அட்டை தூங்க விடாது. பில்லை நம் கையில் திணிக்கும்.

இதையெல்லாம் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது (அவள் சமையலறைக்குப் போய் ரொம்ப நேரமாகியிருந்தது) எட்டு வயது மகன் அல் கோர் அட்டையை எடுத்துப் பார்த்தான்.

"அப்பா, நாளைக்கு நாம கொளுத்தினா அந்தப் புகையும் இப்படித்தான் போகுமா?"

படத்தில் ஒரு நிமிஷம்கூடப் பார்க்காதவன். எனக்கு டபுள் எண்ட்ரி புரிய மூணு வருஷக் காலேஜ் தேவைப்பட்டது.

கொளுத்தவில்லை. பழைய பேப்பர்காரர் வந்தார். அல் கோர் உறை மறுசுழற்சிக் காகிதத்தில் செய்தது என்பதால் பேப்பரோடு தராசில் ஏறியது. பிளாஸ்டிக் டப்பாக்களுக்குத் தனி ரேட். உள்ளே இருந்த தட்டுகளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது போணியாகாது சார்."

இப்போது அவை எங்கள் பால்கனியில் புறா விரட்டத் தொங்குகின்றன. புறாக்கள் அல் கோரைக் கொஞ்சமும் சட்டை செய்வதில்லை.

பாவம், அட்டையைப் பார்க்கவில்லையே!