டாக்டர் கேட்டால் அறிவியல், நாம் கேட்டால் அறியாமையா?

தோழர்களே, ஊசி ஒன்றுதான். டாக்டர் தயங்கினால் அது அறிவியல் கேள்வி. வார்டைக் கூட்டுகிற பெண் தயங்கினால் அறியாமை, மூடநம்பிக்கை. மருத்துவமனைக்குள்ளேயே 'தடுப்பூசித் தயக்கம்' என்று பேசுகிறவர்களின் பேச்சில் இந்த வருணப் பிரிவினை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது தில்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு துப்புரவுத் தொழிலாளியின் தோளில் இறங்கியது. மத்திய சுகாதார அமைச்சர் பக்கத்திலேயே நின்றார். எல்லாவற்றுக்கும் கடைசியில் நிறுத்தப்படுகிறவனுக்கு இதில் மட்டும் முதல் மரியாதை! அதே நாள், அதே தில்லியில், ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் கடிதம் கொடுத்தார்கள்: கோவேக்சின் சோதனை முழுசாக முடியவில்லை, எங்களுக்குக் கோவிஷீல்டு கொடுங்கள். நியாயமான கேள்விதான். மூன்றாம் கட்டச் சோதனையின் இடைக்கால முடிவே மார்ச் 3-ல்தான் வந்தது. அதுவரை கோவேக்சின் போட்டுக்கொண்டவர்கள், 'இதன் பலன் இன்னும் நிறுவப்படவில்லை' என்று சொல்லும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

வங்கியில் தினமும் படிவத்தோடு மாரடிக்கிறவன் நான். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல், எங்கே கைநாட்டு என்று மட்டும் காட்டுகிற விரல்களை எனக்குத் தெரியும். மறைமலைநகரில் எங்கள் கவுன்டருக்கு வருகிற ஒரு அக்காவுக்கு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. அவர் சொன்னார்: "ஊசிக்கு யாருப்பா பயந்தா? காய்ச்சல் வந்து ரெண்டு நாள் படுத்தா கூலி யாரு குடுப்பா? கேட்டா, போட்டுக்கலன்னா நாளைக்கு வராதேங்கறான் சூப்பர்வைசர்." இதுக்குப் பேரு தயக்கமா? இது கணக்கு. சம்பளத்தோடு லீவு எடுத்துப் படுத்த எவனும் போட்டுப் பார்க்காத கணக்கு.

சந்தேகமே மூடத்தனம் என்கிறவர்கள் நம் மண்ணின் கதையைப் படிக்கட்டும். 1968-ல் தொடங்கி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைச் சுமார் 2,60,000 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. 1979-ல் வெளியான முடிவு: நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. (குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைகளைத் தடுப்பதால்தான் பிறந்த பிள்ளைக்கு இன்றும் போடுகிறோம்; போடத்தான் வேண்டும்.) ஊரறிந்த ஊசியையே சந்தேகப்பட்டுத்தான் அறிவியல் அந்த உண்மைக்கு வந்தது. சோதனைக்குத் தோள் கொடுக்க நம் கிராமங்களுக்குத் தகுதி உண்டு, கேள்வி கேட்க மட்டும் கிடையாதோ?

நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. கோவேக்சினின் பலன் 77.8 விழுக்காடு என்று 2021 நவம்பரில் லான்செட் இதழில் வந்தது, மகிழ்ச்சி. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதற்கு ஓராண்டு முன்பே சூப்பர்வைசர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டான்.

மருத்துவம் படிக்கிற தோழர்களே, அடுத்த ஊசி வரும்போது படிவத்தைத் துப்புரவுத் தொழிலாளர்கள் முன் தமிழில் உரக்க வாசியுங்கள். காய்ச்சல் நாட்களுக்கான கூலியை எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தக்காரனின் நோட்டில் கிடக்கிற அவர்கள் பெயர் மருத்துவமனையின் சம்பளப் பதிவேட்டில் ஏறாதவரை, விழிப்புணர்வு வகுப்பு என்று யாரும் அவர்கள் முன் மைக் பிடிக்க வேண்டாம்.