கடைசி வரிசையை உண்டாக்குவது யார்?

நல்ல உபாத்தியாயர் என்பவர் நின்ற இடத்தைவிட்டு அசையமாட்டார் என்றும், கரும்பலகைக்கு முன்னால் அவர் நிற்கும் நிலையைக் கண்டே வகுப்பு முழுவதும் அடங்கிவிடும் என்றும், பிள்ளைகளுக்கிடையே அடிக்கடி நடமாடுகிறவர் வகுப்பை ஆளத் தெரியாதவர் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் மக்களிடையே வெகுகாலமாக வேரூன்றி இருக்கிறது. பெற்றோர்களும், ஆசிரியர்களில் பலருமே இதை விசாரணைக்கு அப்பாற்பட்ட உண்மையாகக் கொண்டிருக்கின்றனர். இந்த அபிப்பிராயம் தவறானது. இதனால் ஒவ்வொரு நாளும் எண்ணற்ற குழந்தைகள் நஷ்டப்படுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

நான் வாழ்வது நெசவாளர் ஊராகிய சென்னிமலையில். இவ்வூர்ப் போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் தூரதேசங்களிலும் பெயர் பெற்றவை. தறியில் ஏறுவதற்கு முன் பாவு நூலை நீள இழுத்துக் கட்டி, கஞ்சி ஏற்றிக் காயவைப்பதற்கென்றே கொங்கு நாட்டு நெசவூர்களில் பாவடி என்ற வெளிகள் இருந்தன. வெயில் ஏறுவதற்கு முன்னரே பாவின் இருபுறமும் ஆட்கள் நடப்பார்கள். எங்கே ஓர் இழை அறுந்து தொங்குகிறதோ அங்கே நின்று, குனிந்து, பிரிந்த இரண்டு நுனிகளையும் தேடிப் பிடித்து முடிந்துவிட்டே அடுத்த அடி எடுத்துவைப்பார்கள். பாவின் தலைமாட்டில் ஒருவர் கைகட்டி நின்று எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், கடைக்கோடியில் அறுந்த இழை அவர் கண்ணில் படாது. அதை அப்படியே விட்டுத் தறியில் ஏற்றினால், அந்த ஓர் இழையின் குறை துணியின் நீளம் முழுவதும் கோடாக ஓடும்.

வகுப்பறையிலும் இழைகள் அறுகின்றன. எனக்கு அறுந்த இழை ஒன்றை நான் இன்றும் மறக்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் கடைசி வரிசையில் சுவரோரம் எனக்கு இடம். கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது, பலகையில் போட்டுக் காட்டிய கணக்கையெல்லாம் பார்த்து எழுதிக்கொள்வேன், "புரிந்ததா?" என்ற கேள்வி வந்தால் எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டுவேன். ஆனால் தனியாகப் போடும்போது, 52-இலிருந்து 27 போனால் மீதி 35 என்றே எழுதிவந்தேன். வாரக்கணக்கில் தப்பு என்ற குறி விழுந்ததேயன்றி, எதனால் தப்பு என்பது எனக்கும் தெரியவில்லை, திருத்தியவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் வேறொரு ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வந்தார். கணக்கைக் கொடுத்துவிட்டு அவர் நாற்காலியில் அமரவில்லை; வரிசை வரிசையாக நடந்து வந்து, என் தோளருகே குனிந்து, நான் எழுதுவதைச் சிறிது நேரம் பேசாமல் பார்த்தார். "ரெண்டுல ஏழு போகுமா, கண்ணு?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "ஏழுல ரெண்டு போகுமுங்க, சார்" என்றேன். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் எதுவானாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதே கணக்கு என்று நான் எண்ணியிருந்ததை அந்த ஒரு பதிலிலேயே அவர் கண்டுகொண்டார். ஐந்திலிருந்து ஒரு பத்தைக் கடன் வாங்கும் முறையை என் நோட்டின் ஓரத்திலேயே போட்டுக் காட்டியபோது அவர் செலவிட்ட நேரம் இரண்டு நிமிஷம் இருக்கலாம். அந்த இரண்டு நிமிஷத்தைக் கரும்பலகையடியில் நின்றுகொண்டு எனக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது.

இது ஒருவனுடைய அனுபவமாக நின்றுவிடவில்லை. ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆசிரியரோடு நடக்கும் சம்பாஷணையில் பெரும்பகுதி முன்வரிசையிலும், நடுவே நேர்கோடாக அமைந்த இருக்கைகளிலும் உள்ள மாணவர்களுக்கே வாய்க்கிறது என்று எடுத்துக்காட்டினார்கள். மனிதர்கள் தமக்கிடையே வைத்துக்கொள்ளும் தூரத்தை ஆராய்ந்த எட்வர்ட் ஹால் என்ற மானிடவியல் அறிஞர், ஏறத்தாழ 12 அடிக்கு அப்பால் சென்றுவிட்டால் பேச்சு உரையாடலாக இராமல் மேடைப் பிரசங்கத்தின் தன்மையை அடைந்துவிடுகிறது என்று 1966-இல் எழுதினார். நம் பள்ளிகளில் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் உள்ள தூரத்தை அடிக்கோலால் அளந்து பார்த்தால், எந்தக் குழந்தைக்குப் பாடம் கிடைக்கிறது, எந்தக் குழந்தைக்குப் பிரசங்கம் மட்டும் கிடைக்கிறது என்பது பிரத்தியட்சமாகும். கீழ்பவானி வாய்க்காலை நம்பியிருக்கும் நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதகைத் திறந்துவிட்டதனாலேயே கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர்களில் எவரும் நம்புவதில்லை.

குரல் எட்டினால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆசிரியரின் குரல் பிள்ளையை எட்டிவிடலாம். பிள்ளையின் நோட்டு ஆசிரியரின் கண்ணுக்கு எட்டவேண்டுமே! போதனை என்பது சொல்வதோடு முடிவதன்று. சொன்னது எவ்வுருவில் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதும் அதில் சரிபாதி. ஒலிபெருக்கி வைத்தாலும் அந்தப் பாதி நிறைவேறாது.

ஆசனத்தை விட்டு இறங்கினால் ஆசிரியரின் கௌரவம் குறையும் என்போர் நம் பூர்விக சம்பிரதாயத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் உட்கார்ந்தே பாடம் சொன்னார் என்பது மெய்தான். ஆனால் அங்கே பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் அருகே சென்று பாடம் ஒப்பித்தார்கள். மணலில் எழுதிய எழுத்தை அவரோ சட்டாம்பிள்ளையோ கிட்ட இருந்து பார்த்தார்கள். சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் பாதிரியார் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்தியபோது, 1790-களில், மணலில் எழுதும் இந்த நாட்டு வழக்கத்தைக் கண்டு கைக்கொண்டு, மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார்; மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்து வரை சென்றது. கற்பிப்பவரும் கற்பவரும் அருகருகே இருக்கவேண்டும் என்பதே இவை யாவற்றுக்கும் ஆதாரம். உபாத்தியாயர் என்ற சொல்லிலேயே 'உப' என்பது அருகாமையைக் குறிக்கும். அணுகிச் சென்று கற்பதற்கு உரியவர் என்பது அதன் பொருள். நாம் வாயார வாத்தியார் என்று அழைப்பதும் அதன் திரிபே. அக்காலத்தில் பிள்ளை அணுகினான். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே அறையில் அமரும் இக்காலத்தில் நாற்பது பேரும் எழுந்து அணுக முடியாது. ஆகவே அணுகவேண்டிய கடமை ஆசிரியருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நடந்தால் கௌரவம் குறையும் என்பவர்கள் அந்தப் பதவியின் பெயருக்கே மாறுபட்டுப் பேசுகிறார்கள்.

தமிழகம் ஆசிரியரே பிள்ளையை அணுகும் முறையை அறியாத நாடும் அன்று. ஆந்திரத்திலுள்ள ரிஷிவாலி பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் ஆரம்ப வகுப்புகளுக்குப் பரவியது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி கரும்பலகைகள் அமைந்தன; ஆசிரியர் பாயில் அமர்ந்து, ஒரு குழுவை விட்டு மறு குழுவுக்குச் சென்று கற்பித்தார். பாடம் எழுதிய அட்டைகள் அளவுக்கு மீறிப் பெருகியது முதலிய குறைகள் அதில் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், பலகைக்கு முன் வாத்தியார் நிற்காததைக் கண்டு, அவர் பாடமே நடத்துவதில்லை என்று பெற்றோர் முறையிட்டது நியாயமன்று. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் நிற்கும் ஆசிரியரால் அம்மூன்று குழுவையும் எப்படிக் கவனிக்க முடியும்?

2025 ஜூலையில், கடைசி பெஞ்சு என்பதே இருக்கலாகாது என்ற நன்னோக்கத்தோடு, வகுப்பறைகளில் 'ப' வடிவில் இருக்கைகளை அமைக்கலாம் என்று தமிழகப் பள்ளிக் கல்வித்துறை அறிவித்தது. பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதால் கழுத்தும் கண்ணும் நோகும், நெருக்கமான அறைகளில் இடம் போதாது என்று எதிர்ப்பு எழவே, அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த விவாதம் முழுவதும் மரச்சாமான்களைப் பற்றியே நடந்தது எனக்கு மிக்க வருத்தம் அளித்தது. கடைசி வரிசையைத் தச்சன் உண்டாக்குவதில்லை. ஆசிரியர் வராத இடம் எதுவோ அதுவே கடைசி வரிசை. பெஞ்சுகள் எந்த வடிவில் இருந்தாலும், தம் பக்கத்தில் ஆசிரியர் வந்து நிற்கும் பிள்ளைகள் அந்த நேரத்தில் முதல் வரிசையில் இருக்கிறார்கள்.

புதிய பாடத்தை முதன்முதலாக விளக்கும்போது ஆசிரியர் ஓரிடத்தில் நிற்பதே முறை. காரணமின்றி உலாத்துவது பிள்ளைகளின் சிரத்தையைக் கலைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளைகள் எழுதவும் எண்ணவும் தொடங்கும் கணத்திலிருந்தே நடை வேண்டும். அந்த நடை காவலாளியின் நடையாகவும் இருக்கலாகாது. பிரம்போடு வந்த காலடியை நினைத்து நடுங்கிய தலைமுறைகள் நம்முடையவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அந்தப் பிரம்பை விலக்கிவிட்டது. வெறுங்கையோடு அருகே வரும் ஆசிரியருக்குப் பிள்ளைகள் இனிமேல்தான் பழகவேண்டும்.

ஆசிரியர்களை மட்டும் குறைகூறுவது என் நோக்கமன்று. கால் நுழைய வழியின்றி ஐம்பது பேரை அடைத்த அறையில் எவர் நடக்க முடியும்? தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஒருவர் என்று கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கும் அளவை அரசும் தனியார் பள்ளிகளும் காப்பாற்றட்டும். பெஞ்சுகளுக்கிடையே ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி விடட்டும். முழங்கால் வலியால் வருந்தும் மூத்த ஆசிரியருக்கு உருளும் நாற்காலி ஒன்று கொடுத்தாலும் போதும். அவர் பிள்ளையின் அருகே போய்ச் சேரவேண்டும் என்பதே முக்கியம்.

பாவடியில் நடந்தவர்களை எவரும் வேலை தெரியாதவர்கள் என்று சொன்னதில்லை. நாளை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குச் செல்லும்போது, ஜன்னல் வழியே, ஓர் ஆசிரியர் கடைசி வரிசையில் ஒரு நோட்டின்மேல் குனிந்திருப்பதைக் கண்டால், பாடம் நடக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே ஓர் இழை முடியப்படுகிறது.