பூவா தலையா? பூவைப் பாருங்க!

ரோமானிய நாணயம் சேர்க்கிறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பேரு 'பன்னிரண்டு சீசர்'. ஜூலியஸ் சீசர்ல ஆரம்பிச்சு டொமிஷியன் வரைக்கும் ஆளுக்கு ஒரு காசு வாங்கி வரிசையா அடுக்கணும். எனக்கும் அந்த வியாதி இருந்துச்சு. ஓத்தோ மட்டும் சிக்கலைன்னு தூக்கம் போன ராத்திரியெல்லாம் உண்டு (மனுஷன் ஆண்டதே மூணு மாசம், காசு எப்படி மலிவா கிடைக்கும்?).

ஒருநாள் என் பொண்ணு வெஸ்பாசியனோட வெள்ளி தினாரியஸைத் திருப்பிப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, இந்த அம்மா ஏன் அழறாங்க?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. ரெண்டு வருஷமா கையில இருக்கிற காசு! தலைப் பக்கத்தைத் தவிர வேற எதையும் பார்த்ததே இல்லைங்கிறது அப்பதான் உறைச்சுது.

அந்த அம்மாதான் யூதேயா. கி.பி. 66-ல ரோமை எதிர்த்துக் கிளர்ச்சி. 70-ல ஜெருசலேம் விழுந்தது, கோயில் எரிஞ்சது. எதிரிகிட்ட பறிச்ச ஆயுதங்களை மாட்டின கம்பத்தடியில, தலைக்குக் கை கொடுத்து உட்கார்ந்திருக்காங்க. பெரிய வெண்கலக் காசுகள்ல கம்பத்துக்குப் பதிலா பேரீச்சை மரம், சுத்தி 'யூதேயா காப்டா', அதாவது 'பிடிபட்ட யூதேயா'ன்னு எழுத்து.

இதுல ஒரு தில்லாலங்கடி இருக்கு. யூதேயா கி.பி. 6-லயே ரோமோட கைக்குப் போயிருச்சு. சொந்த மாகாணத்துக் கலகத்தை அடக்கிட்டு, என்னமோ புதுசா நாடு பிடிச்ச மாதிரி அலட்டல்! 69-ல மட்டும் நாலு பேரரசர்கள். அதுல கடைசியா வந்தவர் வெஸ்பாசியன். ராஜ பரம்பரையும் இல்லை. காட்டிக்க ஒரு வெற்றி வேணுமே? போஸ்டர் ஒட்டிட்டார், அவ்வளவுதான்.

அந்த மரத்தோட கதை அதோட முடியலை. யூதர்கள் தங்கள் கோயிலுக்குக் கொடுத்துட்டிருந்த காணிக்கை, போருக்குப் பிறகு ரோமுக்குக் கட்டற வரியா மாறிச்சு. டொமிஷியன் காலத்துல வசூல் ரொம்பக் கெடுபிடி. 96-ல வந்த நெர்வா அந்த அநியாயத்தை நிறுத்திட்டேன்னு ஒரு காசு விட்டார். அதே பேரீச்சை மரம், ஆனா கீழே அழற பெண் இல்லை. (வரி இருந்துச்சுங்க, கெடுபிடிதான் போச்சு.)

அப்புறம் 132-ல பார் கோக்பா கலகம். புழக்கத்துல இருந்த காசுகளையே எடுத்து, மேல தங்களோட அச்சைக் குத்தினாங்க. வெள்ளியில இடிஞ்சுபோன கோயிலோட முகப்பு, வெண்கலத்துல பேரீச்சை மரம். சில காசுகள்ல பழைய பேரரசரோட முகம் அடியில மங்கலா இன்னமும் தெரியும். அவமானச் சின்னமா அச்சடிச்ச மரத்தை அவங்க தங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க.

தலையை மட்டும் அடுக்கிட்டிருந்தா இதுல ஒரு வரி கூடத் தெரிஞ்சிருக்காது. ஆல்பத்துல ஸ்டாம்ப் ஒட்டறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பளபளன்னு மூக்கும் முழியுமா இருக்கிற தலைக்குக் கொட்டிக் கொடுக்காதீங்க. தேய்ஞ்ச தலையா இருந்தாலும் பரவாயில்லை, பின்பக்கம் தெளிவா இருக்கிறதை வாங்குங்க. சீனியர் சேகரிப்பாளர்கள் அடிக்க வராதீங்க :-)

ஓத்தோவுக்குன்னு சேர்த்து வச்ச பணம் அப்படியே இருக்கு. மரம் போட்ட பார் கோக்பா வெண்கலம் ஒண்ணு தேடிட்டிருக்கேன், எங்கிருந்து வந்ததுங்கிற பேப்பரோட. வரிசையில ஓத்தோ இடம் காலியாவே கிடக்கட்டும்.