வேன் கூரையில் மின்சாரம்! விசிறி ஓடும், வேன் ஓடுமா?

2017-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி டெல்லியில் ஒரு புது ரெயில் விடப்பட்டது. அதில் ஆறு பெட்டிகளின் கூரையில், பெட்டிக்கு 16 சூரியத் தகடுகள் இருந்தன. விளக்கும் விசிறியும் வெயில் தந்த மின்சாரத்தில் இயங்கின. ஆனால் ரெயிலை ஓட்டியது டீசல் என்ஜின்தான்!

வேனையே வீடாக்கி ஊர் சுற்றுவோர் இப்பொழுது இதே தகட்டை நாடுகிறார்கள். காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடிக் கடற்கரையில் அப்படி ஒரு வேன் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு கிடைக்கும்?

கூரையில் 200 வாட் தகடு. நாள் முழுவதும் நல்ல வெயில் அடித்தாலும் ஒரு யூனிட்டுக்குள்தான் கிடைக்கும். அதைப் பாட்டரியில் சேர்த்து வைத்தால் நான்கு சிறு விளக்கு, ஒரு சின்ன விசிறி, செல்போன் ஆகியவற்றுக்கு இரவில் போதும். குளுகுளு எந்திரமோ ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் குடித்துவிடும்! "வேனே இதில் ஓடும்" என்று யாராவது விலை சொன்னால், பணத்தை எடுக்காதீர்கள்.

மர நிழலில் நிறுத்தினால் உள்ளே இருப்போருக்குச் சுகம். தகட்டுக்குப் பட்டினி!

உப்புக் காற்று

கடலோரத்தில் இன்னொரு தொல்லை. திருகு போட்ட துளை வழியே மழைத் தண்ணீர் இறங்கும். உப்புக் காற்றில் கூரை துருப்பிடிக்கும். துளையை நன்றாக அடைத்து, எவர்சில்வர் திருகு போட வேண்டும். தகட்டுக்கு அடியில் காற்றுப் போக இடம் வேண்டும். சூடு ஏறினால் மின்சாரம் குறையும். படிந்த உப்பை மாலையில், தகடு ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் கழுவலாம்.