புகையில்லாப் புகையிலையும் கர்ப்பிணிகளும்: எங்கள் நிலைப்பாடு

பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணியிடம் "பீடி, சிகரெட் குடிப்பதுண்டா?" என்று கேட்டால் ஒரு முறைப்புதான் பதிலாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் அது நியாயமான முறைப்பு. இங்கே புகைபிடிக்கும் பெண்கள் மிகக் குறைவு. ஆனால் அவள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கோடு ஒரு துண்டு புகையிலையும் இருக்கலாம். மசக்கைக் குமட்டலுக்கு இதம் என்று மாமியாரே கிள்ளிக் கொடுத்திருப்பார். சிலர் புகையிலைப் பொடியால் பல் தேய்ப்பார்கள். இதையெல்லாம் அவர்கள் கெட்ட பழக்கமாக எண்ணுவதில்லை; நாமும் கேட்பதில்லை. 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம்.

புகை இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான். கர்ப்பகாலத்தில் அதில் எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்பதே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

கன்னத்தில் அடக்கிய புகையிலையின் சாறு வாயின் மென்சவ்வு வழியே இரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தாயின் உடலில் உள்ள அளவுக்கு, சில வேளை அதற்கு மேலும், நிக்கோட்டின் குழந்தையிடம் சேர்கிறது. நுரையீரலும் மூளையும் வளரும் போக்கையே மாற்றிவிடுகிறது. குறைமாதப் பிரசவம், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, வயிற்றிலேயே குழந்தை இறப்பது ஆகியவை புகைப்பவர்களுக்கு மட்டும் வருபவை அல்ல. சுவீடனில் 'ஸ்னஸ்' என்ற பொடியை உதட்டுக்கடியில் வைக்கும் தாய்மாரிடமும் குறைமாதப் பிரசவமும் குழந்தை இறந்து பிறப்பதும் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதில் புகையே கிடையாது.

எல்லாக் கர்ப்பிணிகளிடமும், ஒவ்வொரு பரிசோதனையிலும் புகையிலை பற்றிக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "வெற்றிலை போடுவியாம்மா? புகையிலை சேர்த்தா, சும்மாவா?" என்று கேட்டால் பதில் வரும். ஆமென்றவளைத் திட்டினால் அடுத்த மாதம் அவள் 'இல்லை' என்பாள். எனவே தாய் சேய் நல அட்டையில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் வேண்டும். பழக்கம் இருப்பதைக் காரணம் காட்டி எந்த உதவித்தொகையையும் நிறுத்தக் கூடாது. மருந்துக்கடையில் விற்கும் நிக்கோட்டின் சூயிங்கமும் நிக்கோட்டின்தான். மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம்.

தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் கர்ப்பிணிகளின் கதை வேறு. புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவளிடம் 'சுற்றாதே' என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கர்ப்ப மாதங்களில் அவள் சுற்றாமல் இழக்கும் கூலியை அரசும் பீடி நிறுவனங்களும் ஈடுகட்ட வேண்டும்.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம். வீட்டுக்குள் புகைக்கும் கணவர்களும் பேசலாம்.