ரங்கராஜனின் மேசை

சுஜாதாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். ஸ்ரீரங்கத்து வீதிகள் வரும், பாட்டி வருவார், நடையின் வேகம் வரும், கணேஷும் வசந்தும் வருவார்கள், ஜனரஞ்சகமா இலக்கியமா என்ற தீராத வழக்கும் வரும். எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர் மட்டும் ‘பெங்களூருவில் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு விடைபெற்றுக்கொள்வார். எழுத்தாளன் பகல் முழுவதும் என்ன செய்தான் என்பது இலக்கியத்துக்கு வேண்டாத செய்தி என்ற எண்ணம் தமிழ்ச் சூழலில் அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. அந்த எண்ணத்தைச் சற்றே கிளறிப் பார்ப்பது இன்று அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில் ரங்கராஜன் செய்த வேலையின் வாரிசுகள் இப்போது நம் ஊரில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

1935இல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர் ரங்கராஜன். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். அப்துல் கலாமும் இதே இரு கல்லூரிகளின் வழியாகவே சென்றவர். மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் சில காலம் பணி. பின்னர் பெங்களூருவில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம். அங்கே ஆய்வு மற்றும் மேம்பாட்டுப் பிரிவின் பொது மேலாளர் பொறுப்பு வரை உயர்ந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் தலைமைப் பங்கு வகித்ததற்காக வாஸ்விக் விருதும் பெற்றார். அலுவலகத்தில் ரங்கராஜன், அச்சில் மனைவியின் பெயரான சுஜாதா. இந்தப் பெயர்ப் பிரிவினையை வாசகர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டு, பாதி மனிதரை மட்டும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

விட்டுவந்த பாதியில் என்ன இருக்கிறது? அந்த இயந்திரத்தையே பார்ப்போம். அதன் உள்ளே இருப்பது ஒரு சில்லும், அதில் ஒருமுறை மட்டுமே பதிக்கக்கூடிய ஒரு நிரலும். கட்டுப்பாட்டு அலகு அதிகாரியின் மேசையில். வாக்குப்பதிவு அலகு மறைப்புக்குள். இடையே ஒரு கம்பிவடம். மின்சாரம் எட்டாத ஊரிலும் இயங்க வேண்டும் என்பதால் மின்கலம். எந்த வலைப்பின்னலோடும் தொடர்பில்லை. நிமிடத்துக்கு ஐந்து வாக்குகளுக்கு மேல் ஏற்காதபடி அது அன்று வடிவமைக்கப்பட்டது. இந்தக் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். வாக்குச்சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாகச் சீட்டுகளில் முத்திரை குத்தும் வன்முறை இந்நாட்டின் தேர்தல் யதார்த்தமாக இருந்தது. அந்த யதார்த்தத்தை யாரோ சிலர் உட்கார்ந்து யோசித்து ஒரு கால இடைவெளியாக மாற்றியிருக்கிறார்கள். ஒருவன் இயந்திரத்தையே கைப்பற்றினாலும், கள்ள வாக்குப் போடுவதற்கு அவனுக்கு மணிக்கணக்கில் நேரமாகும். அதற்குள் காவல்துறை வந்து சேரலாம். மனித இயல்பைப் படித்தவன் எழுதிய வரி அது.

எல்லை வகுப்பதும் இவ்வேலையில் அடக்கம். ஓர் அலகில் 16 பெயர்கள். அக்கால வடிவமைப்பில் நான்கு அலகுகளை இணைத்தால் 64. அதற்கு மேல் போனால் காகிதச் சீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 1996இல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டே ஒரு புத்தகமாக அச்சிடப்பட்டதை நாம் அறிவோம். அப்படியொரு நாளுக்காகவும் இயந்திரத்தை விரிக்க வேண்டுமா, அல்லது ‘இவ்வளவுதான்’ என்று நிறுத்திக்கொண்டு எளிமையைக் காப்பாற்ற வேண்டுமா? பொறியியல் தலைமை என்பது பெரும்பாலும் இந்த ‘இவ்வளவுதான்’ என்ற சொல்லை உரிய இடத்தில் சொல்லி, அதற்கான பொறுப்பையும் ஏற்பது.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு சுவையான பகுதியும் உண்டு. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1984இல் நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. இயந்திரம் பழுதானதா என்பது அங்கே தீர்ப்புக்குரிய பொருளாக இல்லை. அன்றைய சட்டமும் விதிகளும் குறிப்பிட்ட ‘வாக்குச்சீட்டு’ முறையில் இயந்திரம் அடங்குமா என்பதே வழக்கு. அடங்காது என்றது தீர்ப்பு. ஒரு சொல்லின் பொருளெல்லை ஒரு தொழில்நுட்பத்தைத் தடுத்து நிறுத்தியது. பின்னர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டு 1989இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகும் இயந்திரங்கள் பல ஆண்டுகள் காத்திருந்தன. 1998இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய இடங்களில் 16 சட்டமன்றத் தொகுதிகள்; 2001இல் தமிழகம் முழுவதும்; 2004இல் நாட்டின் 543 மக்களவைத் தொகுதிகளிலும். 2008இல் மறைந்த சுஜாதா இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். ஒரு படைப்பு மேசையை விட்டு வெளியேறி உலகத்தை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. எத்தனை நாவலாசிரியர்களுக்கு இவ்வளவு பொறுமை உண்டு?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1964இல் திருச்சியில் தோன்றிய மண்டலப் பொறியியல் கல்லூரி (இன்றைய என்.ஐ.டி.) வேறொரு பாதையைத் திறந்தது. காவிரிக்கரை மோகனூரில் அரசுப் பள்ளியில் படித்த என். சந்திரசேகரன் இங்கே எம்.சி.ஏ. முடித்து, 1987இல் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்து, 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகவும், 2017இல் டாடா சன்ஸ் தலைவராகவும் ஆனார். அந்த உயரம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆயினும் ஏணியின் கீழ்ப்படிகள் ஏறக்குறைய ஒன்றே. முதலில் பயிற்சி, பின் நிரல் எழுதும் சில ஆண்டுகள், அப்புறம் ‘டீம் லீட்’. அதற்கடுத்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, கட்டமைப்பைத் தீர்மானிக்கும் ஆர்க்கிடெக்ட். மற்றொன்று, மனிதர்களைக் கவனிக்கும் மேனேஜர். இரண்டிலும் ஒரு விசித்திரம் உண்டு. எந்தத் திறமைக்காக ஒருவர் உயர்த்தப்பட்டாரோ, உயர்ந்த பின் அதைச் செய்ய அவருக்கு நேரமிருப்பதில்லை. நன்றாகப் பாடியவரை அழைத்துச் சபாவின் செயலாளர் ஆக்கியது போல.

அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது? காலையில் கால்மணி நேர ஸ்டாண்ட்-அப்: நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எங்கே தடை. பிறகு பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்தம் சொல்லுதல். எத்தனை நாளில் முடியும் என்று கேட்பவர்களுக்குப் பொய்யில்லாத, அதே சமயம் அவர்கள் தாங்கக்கூடிய ஒரு பதிலைத் தயாரித்தல். ஆள் தேர்வு. இரவில் அமெரிக்காவோடு உரையாடல். நள்ளிரவில் எங்கோ ஒரு சேவை நின்றுபோனால் அனைவரையும் எழுப்பி, யார் செய்த தவறு என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அதை நிமிர்த்துதல். இவற்றில் பெரும்பகுதி சொல்லால் நடப்பது. கேட்பது, எழுதுவது, தெளிவற்றதைத் தெளிவாக்குவது.

ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360 திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் ‘த மித்திக்கல் மேன்-மன்த்’ என்ற நூலை எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய விதி பிரசித்தம். புதியவர்களுக்குப் புரியவைக்கவே பழையவர்களின் நேரம் போய்விடும் என்பது காரணம். அந்நூலில் அவர் பிரான்சின் ரீம்ஸ் தேவாலயத்தையும் உதாரணம் காட்டுகிறார். அடுத்தடுத்த தலைமுறைகளின் சிற்பிகள் தம் சொந்த ஆசைகளை அடக்கி, முதல் வடிவமைப்பைத் தொடர்ந்ததால் அதற்கு ஒருமை கிடைத்தது என்கிறார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக அடிப்பகுதியோடு நின்றிருந்தது. அகோபில மடத்தின் 44ஆவது ஜீயரின் முயற்சியால் 1987இல்தான் 13 நிலைகளுடன் 236 அடி உயரத்தில் நிறைவுற்றது. யாரோ தொடங்கி யாரோ விட்டுப்போன அடித்தளத்தின் மேல், அதன் தாங்குதிறனை அளந்து கட்டும் அந்தப் பணி மென்பொருள் தலைவருக்கு அன்றாடம் வாய்ப்பது. அவர் புதிதாகக் கட்டுவது குறைவு. முன்பிருந்தவர்களின் நிரலைப் புரிந்துகொண்டு, இடியாமல் மேலெழுப்புவதே அதிகம்.

தமிழ்ப் புனைவு இந்த உலகைத் தொடவேயில்லை என்று சொல்ல மாட்டோம். இரா. முருகனின் ‘மூன்று விரல்’ உண்டு. விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’ உண்டு. ஆயினும் இலக்கிய மேடைகளின் பொதுக்குரல் இந்த ஊழியர்களைச் சம்பளமாகவும், உயர்ந்த வீட்டு வாடகையாகவும், கணினிக் கூலியாகவும் மட்டுமே காண்கிறது. உழவனின் ஏரும் தறியும் உப்பளமும் நம் இலக்கியத்தில் தொழில்நுணுக்கத்தோடு பதிவாகியிருக்கின்றன. இவர்களின் தொழில் மட்டும் ‘கணினியைத் தட்டினான்’ என்பதோடு நின்றுவிடுகிறது.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். இது மூலதனத்தின் வேலை, இதில் என்ன அறம் என்பார்கள். அந்த அறச்சிக்கல் மேசைக்கு மேசை காத்திருக்கிறது என்பதே நம் பதில். தன் குழுவில் இன்னார் சுமார் என்று ஆண்டிறுதியில் எழுத வேண்டியவர் இந்தத் தலைவர்தான். அந்த ஒரு சொல்லில் ஒருவருடைய வேலையும் வீட்டுக்கடனும் தொங்குகின்றன. மேலிருந்து வரும் ஆட்குறைப்புக்கு அவர் கருவி. கீழிருந்து வரும் கண்ணீருக்கு அவரே முதல் சாட்சி. நிரலை இயந்திரமே எழுதத் தொடங்கிவிட்ட இந்நாளில் அவர் நிலை மேலும் இக்கட்டானது. எழுதும் வேலை குறையலாம். எழுதப்பட்டது சரிதானா என்று கையெழுத்திடும் பொறுப்பு குறையாது. கணக்குப்பிள்ளையும் தாசில்தாரும் நாவலில் இடம்பெறலாம் என்றால் இவருக்கு ஏன் இடமில்லை?

கலைக் கல்லூரிகளில் கணினி அறிவியல் மாணவர்கள் முதல் இரண்டாண்டுகள் பகுதி-1 தமிழ் படிக்கிறார்கள். பலருக்கு முறையாகத் தமிழோடு அமைந்த கடைசி உறவு அதுவே. அந்த இரண்டாண்டுகளில் சங்கப் பாடலும் சிறுகதையும் கற்பிக்கும் நாம், சுஜாதாவின் கதையோடு ரங்கராஜனின் இயந்திரத்தையும் ஒரு பாடமாக வைக்கலாம். ‘வாக்குச்சீட்டு’ என்ற சொல்லின் பொருளெல்லையை ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். தாம் செய்யப்போகும் வேலையைத் தமிழில் விவரித்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லலாம். இவ்வூரிலிருந்து சென்று குழுக்களை நடத்துகிறவர்களும், தம் பகல் நேரம் இலக்கியத்துக்கு ஆகாது என்று தாமே தீர்ப்பளித்துவிடாமல், அதை எழுதத் தொடங்க வேண்டும். தொழிற்சொற்கள் இடறுமே என்று தயங்க வேண்டாம். உள்ள சொல்லை உள்ளபடி எழுதட்டும். அது நிலைக்குமா என்பதை வாசகரும் காலமும் பார்த்துக்கொள்வார்கள்.